கொம்பனித்தெருவில் ஒரு மாலை

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். வைத்தியரிடம் வேறென்ன கேட்பது? ஆனால் எங்கள் தொழிலும் வரலாற்றில்தான் தொடங்குகிறது. நோயாளி வந்து அமர்ந்ததும் நாங்கள் முதலில் எடுப்பது வரலாறு. இரத்தம் எடுப்பதெல்லாம் பிறகு. எப்போது தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதுவதற்கே அந்தப் பெயர். ஓர் ஊரையும் அப்படிக் கேட்டறியலாம் என்பதைக் கொழும்பில் ஒரு மாலைப் பொழுது எனக்குக் கற்பித்தது.

கடந்த ஆண்டு, கொழும்பில் வாழும் நம் பழைய மாணவியர் ஒன்பது பேர் அஸர் தொழுகைக்குப் பின் கொம்பனித்தெரு புகையிரத நிலையத்தின் முன்னால் கூடினோம். அந்தப் பகுதியை நடந்தே சுற்றிக் காட்டி, இடையிடையே அங்குள்ள உணவுகளையும் உண்ணத் தரும் ஒரு சுற்றுலா அது. எங்களை அழைத்துச் சென்றவர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு மலாய்ப் பெண்.

முதலில் அவர் எங்களுக்குக் காட்டியது ஊரின் பெயரை. சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய, தமிழில் கொம்பனித்தெரு. இரண்டிலும் இருப்பது கம்பனி என்ற சொல். ஆங்கிலத்தில் மட்டும் ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு. பட்டப்படிப்பு முடித்து வந்த காலம் தொட்டு அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போயிருக்கிறேன். மூன்று மொழியும் ஒரே விடயத்தைச் சொல்லவில்லை என்பது அன்றுவரை என் கண்ணில் படவில்லை.

தீவு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கொழும்புக் கோட்டையைக் காப்பதற்காகப் போர்த்துக்கேயர் நீரைத் தேக்கி உருவாக்கியதே இன்றைய பேர வாவி. அக்காலத்தில் அது இப்போதிருப்பதைவிட மிகப் பெரியது. அதன் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதிதான் இது. 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பகலில் கோட்டையில் வேலை வாங்கிய அடிமைகளை இரவில் இங்கே கொண்டுவந்து அடைத்தனர். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து ஓர் உயர் அதிகாரியைக் கொன்ற பின்னரே இந்த ஏற்பாடு வந்தது என்று பழைய நூல்கள் கூறுகின்றன. தப்பி ஓடாதிருக்க வாவியில் முதலைகள் இருந்தன என்பதும் வழிவழியாக வரும் கதை.

அந்த அடிமைகள் யார்? ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்றே பலரும் நினைக்கிறோம். அவர்கள் இருந்தார்கள். இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் ஒல்லாந்தரின் அடிமைகளாக இருந்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது விலைக்கு வாங்கி இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழரும் இருந்தார்கள். அடிமை முறை இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது 1844 இல். ஆங்கிலப் பெயர் மட்டும் அதன் பிறகும் நீடித்தது. 2022 இல்தான் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்கவேண்டும் என அரசு முடிவு செய்தது. "பேரை மாத்தினது நல்லதுதான். ஆனா பலகையைக் காட்டிக் கதை சொல்ல எனக்கு இனி ஒண்டும் இல்ல" என்று வழிகாட்டிப் பெண் சிரித்தார்.

அங்கிருந்து ஒழுங்கைகளுக்குள் நுழைந்தோம். ஜாவா லேன், மலே வீதி, ரைபிள் வீதி. பெயர்களைச் சேர்த்து வாசித்தாலே பாதி வரலாறு வந்துவிடும். ஒல்லாந்தர் தமது கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து படைவீரரையும் நாடுகடத்தப்பட்டோரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். 1708 இல் ஜாவாவின் அரசர் மூன்றாம் அமங்குராத்தே இங்கு நாடுகடத்தப்பட்டார். 1796 இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்ததும் மலாய் வீரர்கள் அவர்களுடைய படையில் சேர்ந்தனர். பின்னாளில் இலங்கை ரைபிள் படைப்பிரிவு என்று பெயர் பெற்ற அந்தப் படை 1873 இல் கலைக்கப்பட்டது. குடும்பங்கள் இங்கேயே தங்கின. இன்று நாட்டின் சனத்தொகையில் மலாயர் 0.2 வீதமளவில்தான்.

1786 இல் தொடங்கியதாக அறியப்படும் வேக்கந்தைப் பள்ளிவாசலின் முன்னால் சிறிது நேரம் நின்றோம். கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த பந்தன் பாலி என்பவர் கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளி அது. பிறகு ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அக்பர் விடுதியும் அக்பர் பாலமும் தெரியும். எத்தனையோ முறை அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன். அக்பர் என்பவர் இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த ஒரு மலாயர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதே தெருவில் 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட டி சொய்சா கட்டடம் இருந்த இடத்தில் இப்போது அது இல்லை. பல ஒழுங்கைகளில் வரிசை வீடுகள் போய், மாடிகள் எழுந்திருக்கின்றன.

இனி உணவு. ஒரு சிறிய கடையில் பிட்டும் பாபத்தும் தந்தார்கள். பாபத் என்பது மலாய் மொழியில் மாட்டின் இரைப்பை. நம் ஊர் இறைச்சிக் கடையிலும் பாபத் என்று கேட்டால் கிடைக்கும். பிட்டு நம்முடையது, பாபத் அவர்களுடையது, ஒரே பீங்கானில் இரண்டும். அடுத்து நாசி கோரேங், சின்ன வெங்காயமும் மிளகாயும் ஊறிய மலாய் அச்சாறு, தொதல். பின்பு அந்தப் பெண் எங்களிடம், உங்கள் வீடுகளில் வழங்கும் மலாய்ச் சொற்களைச் சொல்லுங்கள் என்றார். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றோம். அவர் விரல் மடக்கத் தொடங்கினார். காலையில் இடியப்பத்தோடு உண்ணும் சம்பல். ஆண்கள் உடுக்கும் சாரன். பெருநாளைக்குக் கிண்டும் தொதல். ரம்புட்டான் என்றால் மயிருள்ளது, துரியான் என்றால் முள்ளுள்ளது. இத்தனையும் மலாய். பதிலுக்கு நாம் கொடுத்தவையும் உண்டு. மலாய் மொழியில் கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் கபால், அப்பத்துக்கு அபம்.

அவர்களுடைய பேச்சே இன்னும் வியப்பானது. இந்தோனேசியாவில் பேசும் மலாயில் வினைச்சொல் முன்னே வரும், உண்ணும் பொருள் பின்னே வரும். இலங்கை மலாயிலோ, தமிழிலும் சிங்களத்திலும் போல வினை கடைசியில் வந்து நிற்கிறது. தமிழ் பேசிய முஸ்லிம் பெண்களை மலாய் வீரர்கள் மணந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால், படையின் பதிவேட்டில் பெயர் ஏறாத அந்தப் பெண்கள் ஒரு மொழியின் இலக்கணத்தையே அடுப்படியில் இருந்து மாற்றியிருக்கிறார்கள். எழுத்திலும் நமக்கு உறவு உண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்றார்கள். மலாயரும் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பிலிருந்து அவ்வெழுத்தில் வெளியிட்ட 'அலாமத் லங்காபுரி', உலகின் முதல் மலாய்ப் பத்திரிகைகளுள் ஒன்று.

கடைசியாக வட்டிலப்பம் வந்தது. மலாயர் கொண்டுவந்த பண்டம் என்பது பரவலான கருத்து. பெயரோ வட்டிலில் அவித்த அப்பம் என்னும் நல்ல தமிழ். எங்கள் கூட்டத்தில் இளையவர் ஒரு கரண்டி வாயில் வைத்ததும், "ராத்தா, நம்மட ஊட்டு வட்டிலப்பம் மாதிரியே இரிக்கி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது.

என் மூத்தம்மாவின் வட்டிலப்பத்தில் ஒரு வாசம் இருந்தது. ஏலமும் சாதிக்காயும் எல்லோரும் போடுவதுதான். அதற்கு மேல் ஏதோ ஒன்று. நான் வைத்தியராகி முதல் நியமனம் பெற்ற காலத்தில் அவருக்கு நீரிழிவு கூடியிருந்தது. புதிதாகப் படித்து வந்த வேகத்தில், "இனி இந்தக் கருப்பட்டிப் பண்டமெல்லாம் ஊட்டுல செய்யவே கூடாது மூத்தம்மா" என்று கண்டித்துச் சொன்னேன். பேத்தி டாக்டர் சொன்னதை அவர் மீறவில்லை. அடுத்த பெருநாளைக்கு வட்டிலப்பம் இல்லை. அதற்கடுத்த பெருநாளைக்கும் இல்லை. சில ஆண்டுகளில் அவர் மௌத்தாகிவிட்டார். சொன்ன மருந்து சரிதான், இன்றும் அதையே சொல்வேன். ஆனால் எத்தனை முட்டை, எவ்வளவு கித்துள் கருப்பட்டி, அந்த வாசம் எது, யாரிடம் கற்றீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம். வரலாறு எடுக்கப் பயின்றவள், சொந்த வீட்டில் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

விடைபெறும்போது வழிகாட்டிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். தன் பாட்டியின் வீடு இருந்த வரிசையும் இன்று இல்லை என்றும், குடும்பம் தொடர்மாடிக்குப் போய்விட்டது என்றும் அவர் சொன்னார். வீடு போனபின் மிஞ்சுவது நாக்கில் இருக்கும் ருசியும் சொல்லும்தான் என்பதால்தான் இந்த நடையைத் தொடங்கினாராம்.

சகோதரிகளே, நம் கரையும் அதற்கு அந்நியமல்ல. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களை 1626 இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாறு சொல்கிறது. நம்மிலும் பலர் அப்படி வந்து சேர்ந்தவர்களின் வழிதான். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் உயிர்களோடு எத்தனை வீடுகளின் உறுதிகளும் போட்டோக்களும் போயின என்பதை நாம் அறிவோம். நம் ஊர்களில் வீடு பெண் வழியாக இறங்குகிறது. வீட்டின் கதையும் அவ்வழியே இறங்கவேண்டும்.

நூறு ஆண்டுகளாக நம் கல்லூரி நமக்கு எழுதக் கற்றுத் தந்திருக்கிறது. அந்த எழுத்தை அடுப்படிக்கும் கொண்டுபோவோம். இந்த மலரை வாசித்து முடித்ததும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ போய் உட்காருங்கள். ஒரு பண்டத்தின் அளவு, அதை அவர் யாரிடம் கற்றார், இப்போது வழக்கில் இல்லாத ஒரு சொல், இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள். சங்கம் அவற்றைத் தொகுத்தால் அடுத்த மலருக்கு அதைவிடச் சிறந்த வரலாற்றுக் கட்டுரை தேவைப்படாது. அவர்களுக்குச் சீனி வருத்தம் இருந்தால் செய்முறையை எழுதிக்கொண்டு, பண்டத்தை நீங்கள் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு சிறு கரண்டி மட்டும் அவர்களுக்குக் கொடுத்து, ருசி சரியா என்று கேளுங்கள். அதற்கு இந்த வைத்தியரின் அனுமதி உண்டு.