ஆள் ஏற்றுவதும் ஆள் இறக்குவதும்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவிலோ பம்பாயிலோ கப்பலுக்கு ஆள் எடுப்பது கம்பெனியின் வேலையாக இருக்கவில்லை. கம்பெனி தரகரிடம் சொல்லும். தரகர் மாலுமிக் கூட்டத்தின் தலைவரான சாரங்கைக் கூப்பிடுவார். சாரங்கு தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார். கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களின் எஞ்சின் அறையில் சில்ஹெட் ஆட்களே நிறைந்திருந்ததும், பம்பாயில் எடுத்தவற்றின் சாப்பாட்டுக் கூடத்தில் கோவாக்காரர்கள் நிறைந்திருந்ததும் இப்படித்தான். வேலை கிடைக்கும்வரை தங்குமிடத்தில் கடன். கிடைத்ததும் சாரங்குக்குப் பங்கு. கரையேறியதும் மறுபடி கடன்.

இதை முழுக்கச் சுரண்டல் என்று எழுதி முடித்துவிடலாம். சுரண்டல்தான். ஆனால் காய்ச்சல் வந்தாலும், சக ஆளோடு சண்டை வந்தாலும், ஊரிலிருந்து துக்கச் சேதி வந்தாலும் மாலுமி போய் நின்றது சாரங்கிடம்தான். இவன் யார் மகன், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்றைய மனிதவளத் துறையின் பாதி வேலையை அவர் ஒருவரே பார்த்தார், கமிஷன் வாங்கிக்கொண்டு.

கமிஷனை ஒழிக்கும் முயற்சி 1920-இல் ஜெனோவாவில் தொடங்கியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அங்கே கூடி, மாலுமிக்கு வேலை பிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கக் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. இந்தியாவில் அதைப் பற்றிக் குழுக்கள் பேசின, அறிக்கைகள் வந்தன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அரசின் மாலுமி வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்க 1950கள் ஆகிவிட்டது. அங்கே முறை எளிது: பெயர் பட்டியலில் ஏறும், கப்பலிலிருந்து இறங்கியவர் பட்டியலின் அடிக்குப் போவார், முறை வரும்வரை காத்திருப்பார். வேலையைவிட ஆட்கள் மிக அதிகம் என்பதால் காத்திருப்பு நீண்டது. முறை வந்தவரை அரசு அதிகாரியான ஷிப்பிங் மாஸ்டர் முன் நிறுத்தி, ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். 1961 அக்டோபர் 2-இல் கிழக்கு, மேற்கு கப்பல் கழகங்கள் இணைந்து இந்தியக் கப்பல் கழகம் உருவானபோது பணியாளர் பிரிவுகளின் வேலை பெரும்பாலும் பட்டியல் பார்ப்பது, சம்பளக் கணக்கு முடிப்பது, வீட்டுக்கு மாதப்பணம் அனுப்புவது என்ற அளவில்தான் இருந்தது. பட்டியல் நியாயமானது. அதற்கு யாரையும் தெரியாது என்பதுதான் அதன் குறை.

பிறகு சான்றிதழ்களின் காலம் வந்தது. பயிற்சி, சான்றளிப்பு, காவல்முறை பற்றிய 1978 உடன்படிக்கையும், அதன் 1995, 2010 திருத்தங்களும் மாலுமியின் கைப்பெட்டியைக் கோப்பால் நிரப்பிவிட்டன. கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், நிர்வாகம் மூன்றாவது நாட்டில் என்று ஆனதும் இந்தக் கோப்பைச் சரிபார்ப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. சென்னையில் ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கப்பலுக்கு ஆள் ஒதுக்கும் க்ரூயிங் பிரிவில் இருப்பவரின் திரையைப் பார்த்தால் புரியும். ஒரு வரிக்கு ஒரு மாலுமி. தகுதிச் சான்று முடியும் தேதி, மருத்துவச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அமெரிக்க விசா, எண்ணெய்க் கப்பல் என்றால் அதற்கான தனிச் சான்று. ஒன்று இல்லாவிட்டாலோ காலாவதியானாலோ அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பு வரிக்காரரை ஏற்ற முடியாது; அவருக்காகக் கப்பலில் காத்திருப்பவரை இறக்கவும் முடியாது.

இடைத்தரகர் மட்டும் ஒழியவில்லை. 2005-இல் வந்து 2016-இல் மாற்றி எழுதப்பட்ட விதிகளின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே ஆள் எடுக்கலாம், வேலைக்கென்று மாலுமியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. உரிம எண்ணை கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். இருந்தும் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்த பையன்களின் செய்திகள் தமிழ்நாட்டில் இன்னும் வந்துகொண்டுதானிருக்கின்றன. சாரங்காவது கப்பல் ஏற்றிவிட்டுப் பங்கு கேட்டார்.

2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, 2015-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பணியாளர் துறையின் பார்வையைச் சம்பளத்திலிருந்து உடம்புக்குத் திருப்பியது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, 7 நாளில் 77 மணி நேரம். பதிவேட்டில் இந்தக் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடும் சிறு கப்பலில் இரண்டாம் அதிகாரியின் கண்களைப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தங்களில் கப்பலில் இணைய வசதியும், அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடையும் சேர்ந்தன. உடையின் அளவு சின்ன விஷயமில்லை. உலக மாலுமிகளில் பெண்கள் 1.2 சதவீதம்தான் என்று 2021-இல் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் இந்தியக் கப்பல் கழகத்தின் 'ஸ்வர்ண கிருஷ்ணா' எண்ணெய்க் கப்பல் அதிகாரிகள் எல்லோரும் பெண்களாகப் புறப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆணின் பூட்ஸைக் கொடுத்து ஏணியேறச் சொல்ல முடியாது.

துறையின் உண்மையான பரீட்சை 2020-இல் நடந்தது. கொரோனாவால் துறைமுகங்கள் மாலுமிகளுக்குக் கதவை மூடின, விமானங்கள் நின்றன. அந்த ஆண்டு முடிவில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 11 மாதத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது என்ற விதி காகிதத்தில் இருந்தது. கொச்சி போன்ற சில துறைமுகங்கள் ஆள் மாற்ற இடம் கொடுத்தன. பணியாளர் துறையினர் இரவு பகலாக விசாவுக்கும் பரிசோதனைக்கும் அலைந்தார்கள். மாலுமிகளின் மனைவிமாருக்குப் பதில் சொன்னார்கள். ஒரு கப்பல் கம்பெனியின் மனிதவளத்தை எப்படி மதிப்பிடுவது என்று என்னைக் கேட்டால், ஆண்டில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று பார்க்க மாட்டேன். எத்தனை பேரைச் சொன்ன தேதியில் இறக்கினீர்கள் என்றுதான் பார்ப்பேன்.

இப்போது ஆள் மாற்றுவதில் ஒரு புதுச் சிக்கல். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு, சர்வதேசக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும் மாலுமிக்கு அந்தப் பகுதிக்குப் போக மறுக்கும் உரிமை வந்தது. மறுத்தவரைக் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். நாலாம் எஞ்சினியர் ஒருவர் 'நான் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், கப்பல் அந்த எல்லையைத் தொடுவதற்குள் அதே சான்றிதழோடு, போகச் சம்மதிக்கும் இன்னொருவரைத் தேட வேண்டும். முதலில் அவர் வீட்டில் சம்மதிக்க வேண்டும்.