பாதி அப்பா, ஒம்பது மாசம், ஒரு கேள்வி

அக்காவுக்கு ரத்தம் ஓ நெகட்டிவ், மச்சானுக்கு பாசிட்டிவ். ரெண்டாவது பிரசவத்தப்போ ஏழாம் மாசத்துல ஆன்ட்டி-டி ஊசி போடணும்னு டாக்டர் சொன்னதும் அத்தை கேட்டாங்க: "அதென்னடா, பெத்தவ ரத்தமே புள்ளைக்கு ஆகாமப் போகுமா? நல்ல கூத்தா இருக்கே!"

சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் யோசிச்சா, ஆகாமப் போறது ஆச்சரியமே இல்லை. ஆகிப் போறதுதான் ஆச்சரியம். சொந்தத் தம்பி கிட்னி கொடுத்தாக்கூட உடம்பு ஏத்துக்க ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணும். குழந்தையோட மரபணுவில பாதி அப்பாவோடது, அதாவது அம்மா உடம்புக்கு அந்நியம். அதை மட்டும் எப்படி ஒம்பது மாசம் விட்டு வைக்குது?

இதை முறையா கேள்வியாக்கி எழுதினவர் பீட்டர் மெடவார், பிரிட்டிஷ் விலங்கியல் ஆசாமி. இரண்டாம் உலகப் போர்ல தீக்காயம் பட்டவங்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்ட முடியுமான்னு பார்க்கப் போய் இதுக்குள்ள வந்தவர். கிளாஸ்கோவில தாமஸ் கிப்சன் என்ற சர்ஜனோட சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவங்க தோலையும் அவங்க அண்ணன்-தம்பி ஒருத்தரோட தோலையும் துண்டு துண்டா ஒட்டிப் பார்த்தாங்க. சொந்தத் தோல் பிடிச்சுது, உடன்பிறந்தவர் தோல் உதிர்ந்துது. ரெண்டாவது தடவை ஒட்டினப்ப இன்னும் சீக்கிரமா உதிர்ந்துது. அதாவது, உடம்பு ஞாபகம் வெச்சிருக்கு! 1943-ல இது கட்டுரையா வந்துச்சு.

அடுத்தது மாட்டுக் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1948-ல ஸ்டாக்ஹோம் மாநாட்டுல, "ரெட்டைக் கன்னுக்குட்டி ஒரே கருவா, வேற வேற கருவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு ஒருத்தர் கேட்க, "ப்பூ, தோலை மாத்தி ஒட்டினா தெரிஞ்சுடும்"னு மெடவார் வாக்கு கொடுத்துட்டார். ஊருக்குத் திரும்பி, பில்லிங்ஹாமையும் கூட்டிக்கிட்டு மாட்டுப் பண்ணைக்குப் போய் ஒட்டினா, கிட்டத்தட்ட எல்லா ரெட்டையும் ஒண்ணோட தோலை இன்னொண்ணு ஏத்துக்குது. கிடாவும் கிடேரியுமா பிறந்த ரெட்டைகள் கூட! மனுஷன் குழம்பிட்டார்.

விடை ஏற்கெனவே அமெரிக்காவுல இருந்துச்சு. விஸ்கான்சின்ல ரே ஓவன், ரெட்டைக் கன்னுங்க வயித்துக்குள்ள ரத்தத்தைப் பகிர்ந்துக்கிறதையும், அந்தக் கலப்பு வளர்ந்த பின்னாடியும் நீடிக்கிறதையும் 1945-லயே எழுதிட்டார். கருவுலயே பழகினதை உடம்பு பிறகு அந்நியமா நினைக்கிறதில்லை. மெடவார் குழு இதை எலியில செஞ்சு காட்டினது 1953. 1960-ல மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் நோபல். ஓவனுக்கு இல்லை. (எனக்கு இதுல இன்னும் வருத்தம்தான்.)

அதே 1953-லதான் கர்ப்பத்தைப் பத்தின அந்தக் கட்டுரையும். மூணு யூகம் சொன்னார்: தாயையும் கருவையும் ஒரு தடுப்பு பிரிச்சு வைக்குது; கரு இன்னும் முதிராததால அந்நிய அடையாளம் காட்டலை; தாயோட எதிர்ப்பு சக்தி அப்ப மந்தமாயிடுது.

முதல்ல அடி வாங்கினது மூணாவது. 1958-ல ரோஸ் பெய்னும், தனியா வான் ரூடும், பல தடவை பிள்ளை பெத்த பெண்களோட ரத்தத்துல கணவர் வழி அடையாளங்களுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகளைக் கண்டாங்க. அம்மா உடம்பு தூங்கலை, நல்லாவே முழிச்சிருக்கு! அந்த ரத்தத்தை வெச்சுத்தான் பின்னாடி உறுப்பு தானத்துக்குப் பொருத்தம் பார்க்கவே கத்துக்கிட்டாங்க. தடுப்புச் சுவரும் ஓட்டைதான். 1996-ல டயானா பியாங்கி குழு, ஆண் பிள்ளை பெத்து 27 வருஷம் ஆன ஒரு தாயோட ரத்தத்துல ஆண் செல்லைப் பார்த்தாங்க. ரெண்டாவதுல மட்டும் கொஞ்சம் உண்மை. ஆனா அது கருவுல இல்லை, நஞ்சுக்கொடியில. தாயோட ரத்தம் நேரா படுற அதன் வெளிச்செல்கள் வழக்கமான அடையாள அட்டையைக் காட்டாது. 1990-ல அந்தப் பக்கம் ஹெச்எல்ஏ-ஜின்னு தனி வகை ஒண்ணு அகப்பட்டுச்சு, தாக்க வர்ற செல்லை அடக்குறது.

1998-ல மன்னும் மெல்லரும் செஞ்ச எலிச் சோதனை கொஞ்சம் கொடூரம். டி-செல்லுக்குத் தேவையான டிரிப்டோஃபேனை நஞ்சுக்கொடியில இருக்குற ஐடிஓன்னு ஒரு நொதி தின்னு தீர்க்குது. மருந்து கொடுத்து அதை நிறுத்தினதும், வேற இனத் தகப்பனோட கருக்கள் கலைஞ்சுடுச்சு. ஒரே இனத் தகப்பனோடதுக்கு ஒண்ணும் ஆகலை. 2004-ல இன்னொரு ஆள் சேர்ந்தார்: சண்டையை அடக்குற ரெகுலேட்டரி டி-செல். அது இல்லாத எலிகளும் அந்நியத் தகப்பனோட கருவைத் தாங்கலை. அந்த செல்லைக் கண்டுபிடிச்ச சகாகுச்சிக்கு, இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து, 2025-ல நோபல் கிடைச்சுது.

இந்த ஏற்பாட்டையும் மீறுற ஒண்ணுதான் அக்கா விஷயம். பிரசவ நேரத்துல பிள்ளையோட பாசிட்டிவ் ரத்தம் கசிஞ்சு அம்மாவுக்குள்ள போனா, உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு அடுத்த பிள்ளையோட ரத்த அணுக்களை அழிக்கும். லிவர்பூல்லயும் நியூயார்க்லயும் 1960-கள்ல கண்டுபிடிச்ச அந்த ஊசி வர்றதுக்கு முன்னாடி, எத்தனையோ வீடுகள்ல முதல் குழந்தை மட்டும்தான் தங்கிச்சு.

இதையெல்லாம் அத்தைகிட்ட பொறுமையா சொன்னேன். கேட்டுட்டு, மடியில கிடந்த குட்டியோட மூக்கைப் பார்த்தாங்க.

"மூக்கு அப்படியே மாப்பிள்ளை மூக்கு. இதை எப்படிடா மறைச்சு வெச்சுது?"

பதில் சொல்லத் தெரியாம டீ போட எழுந்து போயிட்டேன் :-)