பசி வெட்டிய கால்வாய்

ஆரோவில்லின் செம்மண் மேட்டிலிருந்து வடக்கு நோக்கி இறங்கினால் கழுவேலி என்னும் பெருநீர்ப்பரப்பு கண்ணுக்குப் புலனாகும். அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெண்மை காட்டிக் கிடக்கின்றன. அவற்றின் அருகே பாதி தூர்ந்த நிலையில் ஒரு கால்வாய் வந்து முடிகிறது. பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர். ஆந்திரத்தின் கிருஷ்ணா கழிமுகப் பகுதியிலிருந்து கடலோரமாகவே ஏறக்குறைய 420 கிலோ மீட்டர் ஓடிவரும் இந்நீர்வழிக்கு மரக்காணமே தென்கோடி. ஒரு காலத்தில் இதன் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்றன. இன்று இக்கரையில் நிற்போர்க்கு அந்தப் போக்குவரத்தின் சுவடும் எளிதில் தென்படுவதில்லை.

பருவநிலை மாறிவரும் இந்நாளில், தானியத்தை வெளியிலிருந்து வாங்கி உண்ணும் வறிய நாடுகளின் கதி என்னவாகும் என்ற வினா உலகெங்கும் எழுந்துள்ளது. அவ்வினாவை நாம் பிறநாட்டாரின் கவலையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். நம்மிடம் அரிசி உண்டு, கிடங்குகள் நிறைந்துள்ளன. ஆயினும் இதே கடற்கரையில், கப்பல் கொண்டுவரும் அரிசிக்காக நம் முன்னோர் காத்து நின்ற காலங்கள் உண்டு. அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

இக்கால்வாயின் முதற்பகுதியைச் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806இல் வெட்டத் தொடங்கியவர் பேசில் காக்ரேன் என்னும் வணிகர். பின்னர் அரசு அதனைத் தன்வசம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. ஆனால் சென்னை நகரின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோ மீட்டர் மட்டும் வெட்டப்படாமல் நின்றது. வடபகுதியும் தென்பகுதியும் ஒன்றுசேரவில்லை. அந்த இடைவெளி 1877-78இல் நிரம்பியது. அதை நிரப்பியவர்கள் பஞ்சத்தால் நகரை நோக்கி வந்த மக்கள். அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுங்கிப் பேசிய பஞ்சம் அதுவே. 1876இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது; அதை நம்பாது வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியவர்களை அதுவும் கைவிட்டது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்வே அதற்குப் பெருங்காரணம் என இன்றைய அறிவியல் கூறுகிறது. அதே காலத்தில் வடசீனத்தில் பயிர் கருகியது; பிரேசிலின் வடகிழக்கில் மக்கள் வறட்சியால் ஊர்விட்டு ஓடினர்; 1877இல் நைல் நதி எகிப்தின் வயல்களுக்கு ஏறிப் பாயவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நாடுகள் ஒரே ஆண்டில் ஒருங்கே பட்டினியில் வீழ்ந்தன. ஓரிடத்துக் குறையை மற்றோர் இடத்து மிகுதி ஈடுசெய்யும் என்ற நம்பிக்கை, வானம் ஒருசேர மாறும்போது எத்துணை மெலிந்தது என்பதற்கு அவ்வாண்டுகள் சான்றாகும்.

ஆயினும் தானியம் முற்றிலும் இல்லாமற் போய்விடவில்லை. வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்கள் அரிசி சுமந்து சென்னைக்கு வந்தன. துறைமுக வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆகவே மூட்டைகள் மசூலாப் படகுகளில் அலைகடந்து கரையேறி, கடற்கரை மணலில் குவிந்து கிடந்தன. அங்கிருந்து இரயில்வண்டிகள் அவற்றை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றன. ஆனால் அரிசி சென்ற இடமெல்லாம் விலையும் உடன் சென்றது. நிலம் வறண்டபின் உழவுக் கூலிக்கு வேலையில்லை. நெசவாளியின் துணியை வாங்குவார் இல்லை. கடையில் அரிசி இருந்தது, வாங்கக் கையில் காசில்லை. தானியம் பசியுள்ள திசை நோக்கிச் செல்வதில்லை. பணமுள்ள திசை நோக்கியே செல்கிறது என்னும் கசப்பான உண்மையை அப்பஞ்சம் வெளிப்படுத்தியது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை.

சென்னை அரசு தானே தானியம் வாங்கி இருப்பு வைக்க முற்பட்டது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு அதனை விரும்பவில்லை. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர்களது கொள்கை. பஞ்ச மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என வகுத்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் உழைப்பவனுக்கு அது உயிர்தாங்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் வன்மையாக வாதிட்டார். பல மாதம் நடந்த அவ்வழக்காட்டத்தின் முடிவில், 1877இல் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர்கள் சென்றனவோ! 1871ஆம் ஆண்டின் குடிக்கணக்கோடு 1881ஆம் ஆண்டின் கணக்கை ஒப்பிட்டால், சென்னை மாகாணத்து மக்கள்தொகை பத்தாண்டுகளில் பெருகுவதற்கு மாறாகச் சற்றுக் குறைந்திருந்தது என்பதே போதிய சான்று.

இப்பஞ்சம் நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஆழப் பதிந்துள்ளது. புதுவைப் பணித்தளத்தின் தலைவராக ஆயர் லவுனான் விளங்கிய அக்காலத்தில், பஞ்ச ஆண்டுகளிலும் அவற்றை அடுத்தும் பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். சேத்துப்பட்டுப் பகுதியில் தாரஸ் அடிகளார் ஆற்றிய பணியை இன்றும் மக்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். அவ்வாறு வந்தோரை அரிசிக் கிறித்தவர் என்று எள்ளி நகையாடினோரும் உண்டு. அவ்வேளனத்துக்கு மறுமொழி சொல்ல நாம் நாணவேண்டியதில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்தல் வாணிகமன்று; கஞ்சி வார்த்த கையை மறவாதிருத்தல் இழிவுமன்று. ஆனால் நம்முள் பல குடும்பங்களின் தொடக்கத்தில் ஒரு கஞ்சித் தொட்டி இருக்கிறது என்பதை நாம் மறந்தால், அதுவே இழிவாகும்.

பஞ்சத்துக்குப்பின் அமைந்த ஆணைக்குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதன்வழிப் பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. பஞ்சம் என்பது தானியமின்மை மட்டுமன்று, கூலியின்மையும் ஆகும் என்பது அதனால் ஏற்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 1981இல், அமர்த்தியா சென் தம் ஆய்வு நூலில் இக்கருத்தை விரிவாக நிலைநாட்டினார்.

அதன்பின்னும் நாம் கப்பலை நம்பியே வாழ்ந்தோம். சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் இலங்கையும் பர்மா அரிசிக்குப் பழகின. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அவ்வழி ஒரே நாளில் அடைபட்டது போலாயிற்று. பர்மாவிலிருந்து நம்மவர் நடையாகவே திரும்பினர், அரிசியோ திரும்பவில்லை. வங்கத்தில் 1943இல் பெரும்பஞ்சம் மூண்டது. இங்கே பங்கீட்டு அட்டை வந்தது. மலையாள நாட்டில் மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. தேயிலையும் இரப்பரும் விளைவித்து அரிசியை வாங்கி உண்ட இலங்கை, 1952இல் சீனத்துக்கு இரப்பர் கொடுத்து அரிசி பெறும் உடன்படிக்கை செய்துகொண்டது. மறு ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலையை உயர்த்தியபோது, ஆகஸ்டு 12ஆம் நாள் அத்தீவே கொந்தளித்தது. தலைமை அமைச்சர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். வாங்கி உண்ணும் நாட்டில் அரிசி விலையே அரசியலாகும் என்பதற்கு இது ஒரு சான்று.

1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மழை பொய்த்தபோது இந்தியா அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கி நின்றது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் வந்திறங்கியது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்நிலையை அக்காலத்தில் வருணித்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், இந்தியா தம் வியட்நாம் போரைக் குறைகூறியதையும் மனத்திற்கொண்டு, கப்பல்களைச் சிறிது சிறிதாகவே அவிழ்த்துவிட்டார். பங்குத்தள வளாகங்களில் பால் பொடியும் கோதுமையும் வாங்கிய நினைவு முதியோர் பலருக்கு இன்றும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி தமிழகத்தின் ஆட்சியையே மாற்றத் துணை நின்றது.

பின்னர் சி. சுப்பிரமணியமும் எம். எஸ். சுவாமிநாதனும் பல்லாயிரம் உழவரும் சேர்ந்து நிலைமையை மாற்றினர். குறுகிய தாளும் மிகுந்த விளைச்சலும் உடைய கோதுமையும் நெல்லும் பரவின. கையேந்தி நின்ற நாடு, இன்று உலக அரிசி வாணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை அனுப்பும் நாடாகியுள்ளது. பெருமிதம் கொள்ளத்தக்கதே. ஆனால் பெருமிதத்தோடு ஒரு கடமையும் வந்துசேர்ந்துள்ளது.

2022 மார்ச்சில் கடும் வெப்பம் வடநாட்டுக் கோதுமையைக் கதிர் முற்றுமுன் சுருக்கியது. உக்ரைன் போரால் கருங்கடல் வழித் தானியம் தடைபட்டிருந்த வேளை அது. மே 13ஆம் நாள் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. மறு ஆண்டு எல் நினோ தலைதூக்கிய பொழுது, 2023 ஜூலை 20ஆம் நாள் பாசுமதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அரசின் கிடங்குகளில் அப்போது காப்பிருப்பு அளவுக்கு மேல் அரிசி இருந்தது. தன் மக்களின் விலைவாசியை அரசு எண்ணியது. அதனைக் குறைகூறிவிட முடியாது. ஆயினும் உலகச் சந்தையில் அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரம் ஏறியது. செனகலிலும் பெனினிலும் பிலிப்பீன்சிலும் கூலித் தொழிலாளியின் அடுப்பில் அதன் வெம்மை தெரிந்தது. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கியது. இரங்கூனின் கதவடைப்பால் 1942இல் நாம் பட்டதை, 2023இல் நம் கதவடைப்பால் வேறு சிலர் பட்டனர்.

நம் கதவைத் திறந்துவைக்கும் வலிமையும் இக்கடற்கரை போன்ற இடங்களிலேயே தீர்மானமாகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டியே கரைகடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலான மழையைக் கொட்டி, விழுப்புரம் மாவட்டத்து நெல்வயல்களை மூழ்கடித்தது. கடல்நீர் சூடேற ஏற, காற்று சுமக்கும் நீரும் மிகுகிறது. பெய்தால் பெருவெள்ளம், பொய்த்தால் நெடுவறட்சி என்னும் நிலை நெருங்குகிறது. நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறுகள் அளவின்றி உறிஞ்சுமிடத்தில் உவர்நீர் உட்புகுகிறது. உப்பளத்தில் செல்வமாகும் உப்பு, நெல்வயலில் நஞ்சாகும்.

மாற்றுவழியும் இதே மண்ணில் உண்டு. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அம்மேடு மரமற்ற பொட்டல். ஒவ்வொரு மழையும் செம்மண்ணைக் கடலுக்கு அடித்துச் சென்றது. அங்குக் குடியேறியோரும் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களும் வரப்பு உயர்த்தி, மழைநீரைத் தடுத்து, மரம் வளர்த்தனர். இன்று அது காடு. நம் ஏரிகளை அமைத்த முன்னோர் அறிந்திருந்த பாடமே இது: நீர் நிற்குமிடத்தில் உணவு நிற்கும். 2021 டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்குக் காக்கும் நீர் வயலுக்கும் காவலாகும். வறண்ட மேட்டுநிலத்தில் வரகும் கம்பும் கேழ்வரகும் குறைந்த மழையிலும் கைவிடாதவை. நெல் ஒன்றையே சோறென்று எண்ணியதால் அவற்றை நாம் கைவிட்டோம்.

எகிப்தில் யோசேப்பு ஏழு செழித்த ஆண்டுகளில் தானியம் சேர்த்துவைத்ததை நாம் அறிவோம். ஆனால் பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியம் எகிப்தியருக்கு மட்டுமன்றி, கானான் நாட்டிலிருந்து சாக்குகளோடு வந்தோருக்கும் திறந்தது. அவர்களுள் அவரை விற்ற சகோதரரும் இருந்தனர். சேர்த்துவைக்கும் அறிவையும் பகிர்ந்தளிக்கும் நெஞ்சையும் தொடக்க நூல் ஒரே மனிதரிடத்தில் வைத்துக் காட்டுகிறது. முதலாவதை நாம் ஓரளவு கற்றுவிட்டோம். இரண்டாவதற்குப் பொருந்திய வாணிக விதிகளை நாடுகள் கூடிப் பஞ்சம் வருமுன் வகுத்தாக வேண்டும். தடைவிதிக்க நேர்ந்தாலும், வாங்கி உண்ணும் வறிய நாடுகளுக்குரிய பங்கை முன்னரே ஒதுக்கிவைப்பது இயலாத செயலன்று.

சென்னையின் நடுவே அக்கால்வாயை வெட்டியோர் நாளொன்றுக்கு என்ன கூலி பெற்றனர் என்பது அரசின் ஏடுகளில் உள்ளது. அவர்களுள் எத்தனை பேர் வீடு திரும்பினர் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த பஞ்சத்தின் ஏட்டில் விற்கும் நாடாக நம் பெயர் எழுதப்படும். அதனருகே என்ன எழுதப்பட வேண்டும் என்பதை இப்போதே நாம் தீர்மானிக்க இயலும்.