"செட்" என்றால் என்ன?



இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் கதை. மூன்றே எழுத்து: எஸ், இ, டி. "செட்". பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் ஆலத்தியூரில் பள்ளிக்கூடத்துப் படி ஏறாத பாட்டிக்கும் இந்தச் சொல் தெரியும். திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறோம். கல்யாணத்துக்கு பேண்டு செட் பேசுகிறோம். ஓட்டலில் செட் தோசை. தாத்தாவுக்குப் பல் செட். "அவனும் நானும் ஒரே செட்டு" என்றால் கூடப் படித்தவன். "அந்த வேலை எனக்கு செட் ஆகல" என்றால் ஒத்துவரவில்லை. பம்ப் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கவலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் ஜோடியாக வந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு செட். பிறகு அவை இருக்கும் அறைக்கும் அதே பெயராயிற்று. இப்போது "பம்ப் செட்டில் குளிச்சுட்டு வரேன்" என்றால் அது ஓர் இடம். ஒரு சொல்லின் பொருள் எப்படி ஊர்ந்து நகர்கிறது என்பதை நம் கண் முன்னாலேயே பார்த்துவிட்டோம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழி. கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே "செட்". அர்த்தம் பார்க்க அகராதியைத் திறந்திருக்கிறாள். வை, அமை, மறை, இறுகு, தொகுதி, நிர்ணயி என்று பத்தி பத்தியாக ஓடியிருக்கிறது. மூடி வைத்துவிட்டாள். "எனக்கு இங்கிலீஷ் வராது தாத்தா, டவுன் பிள்ளைங்களுக்குத்தான் வரும்" என்றாள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் மனம் ஒடிந்து நின்றுவிடுகிறார்கள். கணக்கு தெரியாமல் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும் என்று நம்பி வந்து, நாற்பதைப் பார்த்ததும் வரும் பயம் அது.

அந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் இருபது தொகுதிகளாக வந்தபோது, மிக நீளமான பதிவு இந்த "செட்" என்ற வினைச்சொல்லுக்குத்தான். நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். இப்போது நடந்துவரும் திருத்தத்தில் "ரன்" என்ற சொல் 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. அத்தனை பொருளையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆங்கிலேயர் ஒருவரும் இருக்க முடியாது.

இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? உண்மையில் "செட்" ஒரு சொல் அல்ல, இரண்டு ஆறுகள் கலந்த ஒரு முகத்துவாரம். முதல் ஆறு பழைய ஆங்கிலம். அதில் "சிட்டன்" என்றால் உட்கார்தல், "செட்டன்" என்றால் உட்கார வைத்தல். மேசையில் தட்டை வைப்பது, விலையை நிர்ணயிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. சூரியன் "செட்" ஆவதும் அந்தக் கிளைதான். இரண்டாவது ஆறு லத்தீன். "செக்டா" என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, "கூட்டம், தொகுதி" என்ற பொருளில் "செட்" ஆயிற்று. கணக்குப் புத்தகத்து செட்டும் நம் "ஒரே செட்டு"ம் இந்த இரண்டாவது வழியில் வந்தவை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கணக்கில் செட்டுக்கு நம் தமிழ்ச் சொல் என்ன? "கணம்". அந்தப் பாடத்தின் பெயரே தமிழில் "கணமொழி". கணம் என்றால் கூட்டம், பூதகணம் என்கிறோமே, அது. ஆனால் "ஒரு கணம் பொறு" என்றால் நொடி. இதிலும் இரண்டு ஆறுகள் உண்டு. வடமொழியில் "க³ண" என்று ஒலிக்கும் சொல் கூட்டம். "க்ஷண" என்ற சொல் நொடி. இரண்டும் தமிழுக்குள் வந்ததும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டன. "செட்"டுக்கு நேர்ந்ததேதான் "கணம்" என்ற சொல்லுக்கும் நேர்ந்தது. ஆனால் "ஒரு கணம் பொறு" என்று அம்மா சொல்லும்போது எந்தக் குழந்தையும் பூதகணத்தை நினைத்துக் குழம்புவதில்லை.

உட்கார், உட்கார வை என்ற கணக்கும் நமக்குப் புதிதல்ல. இரு – இருத்து, அமர் – அமர்த்து, கிட – கிடத்து, விழு – வீழ்த்து, எழு – எழுப்பு. தன்வினை, பிறவினை என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் இந்த வழக்கம் தேய்ந்து சிற்சில ஜோடிகளே மிஞ்சின. சிட் – செட் ஒன்று, லை – லே ஒன்று, ஃபால் – ஃபெல் ஒன்று. கிட, கிடத்து தெரிந்த பிள்ளைக்கு லை, லே எதற்குக் கடினம்?

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செட்டும் நன்றாகத் தெரியும். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "காங்கிரீட் செட் ஆகட்டும், மிதிக்காதே" என்று கொத்தனார் சொல்வார். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுத் தர விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் தண்ணீர் பட்ட 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். விக்காட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பெயரில் உள்ள ஊசிக் கருவியால் இதைச் சோதிக்கிறார்கள். சட்டென்று இறுகிவிடாமல் இருக்கத்தான் அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஆனால் செட் ஆவது வேறு, வலுவாவது வேறு. வலுவை 28 நாள் வரை அளக்கிறார்கள். தொடக்க நாட்களில் தண்ணீர் விட்டுக் காப்பாற்ற வேண்டும். வீட்டில் தயிர் தோய்வதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்வார்கள்.

பல பொருள் தரும் ஒரு சொல்லைக் கண்டு நம் முன்னோர் பயப்படவில்லை, பட்டியல் போட்டார்கள். திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதியின் பெயரே "ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி". ஆனால் நிகண்டுகள் செய்யுளாக இருந்தன, மனப்பாடம் செய்தவருக்கே பயன்பட்டன. அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்களில் முக்கியமான ஒருவர் நம் மாவட்டத்தில் வாழ்ந்தவர். கொள்ளிடத்துக்கு அருகே உள்ள ஏலாக்குறிச்சியில் இருந்து தொண்டு செய்த வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். அவர் 1732இல் செய்த சதுரகராதி நான்கு பகுதி கொண்டது: பெயர், பொருள், தொகை, தொடை. அதில் முதல் பகுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பல பொருள்களை அகர வரிசையில் சொல்வது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். 1824இல் அது சென்னையில் முழுமையாக அச்சேறியது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றதும் அதே 1824தான்.

வயது வந்தபின் வேற்று மொழிக்குள் நுழைந்த அவரும் "படு" என்ற நம் சொல்லைச் சந்தித்திருப்பார். பாயில் படு, கண்ணில் படு, துன்பப்படு, செய்யப்படு, படுசுட்டி. பழந்தமிழில் படுஞாயிறு என்றால் மறையும் சூரியன். இவ்வளவையும் நாம் தாய்மடியில் கற்றுக்கொண்டோம்.

ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் "செட்" இதே சிக்கல்தான். கோப்பை செட்டுக்கு "ஹுவேகோ", கணக்கு செட்டுக்கு "கொன்ஹுன்டோ", சிமெண்ட் செட் ஆவதற்கு "ஃப்ராகுவார்" என்று அவர்கள் வேறு வேறு சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஹுவேகோவுக்கே விளையாட்டு என்றும் பொருள். எந்த மொழியின் சொல்லும் இன்னொரு மொழியின் சொல்லோடு கச்சிதமாகப் பொருந்தி உட்காராது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புதுச் சொல்லைக் கண்டால் அகராதியின் முதல் பொருளை எழுதி வைத்துக்கொண்டு நின்றுவிடாதே. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். சூரியன் இருந்தால் மறைதல், சிமெண்ட் இருந்தால் இறுகுதல், விலை இருந்தால் நிர்ணயித்தல், எண்கள் இருந்தால் தொகுதி. நாற்பது பொருளும் ஒரே நாளில் வேண்டாம். இன்றைய வாக்கியத்துக்கு ஒன்று போதும். ஆங்கிலம் டவுன் பிள்ளைகளின் சொத்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மைக் செட்டும் பம்ப் செட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பாதி அகராதி ஏற்கெனவே தெரியும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள், உங்கள் தொழிலில் "செட்" எதற்கெல்லாம் வழங்குகிறது என்று எழுதுங்கள். சேர்த்து வைக்கிறேன்.