லேத் திருத்தும் குறை, லேத் திருத்தாத குறை

மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே ஒரு சைக்கிள் வாங்க நினைக்கும் பெங்களூர்க்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. கையில் இருக்கும் ஒரு லட்ச ரூபாய்க்குள் கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம். அல்லது யாரோ ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பல லட்சம் செலவழித்து இறக்குமதி செய்த உயர்தர டவுன்ஹில் சைக்கிளை அதே பணத்துக்குக் கைமாற்றி வாங்கலாம். முதலாவதில் ரசீதும் வாரண்டியும் கீறல் படாத பெயிண்டும் கிடைக்கும். இரண்டாவதில் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் கிடைக்கும். கூடவே எண்ணெய் கசியும் சீலும் ஆட்டம் கண்ட பேரிங்கும் வந்து சேரும்.

இந்த ஒப்பீடு வழக்கமாக விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும். பெங்களூரின் பீன்யாவில் நின்று பார்த்தால் வேறோர் அளவுகோல் தென்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் துமகூரு சாலையோரம் உருவாகி, தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த இடம் இது. லேத், வி.எம்.சி., ஒயர் கட், ஹீட் ட்ரீட்மெண்ட், அனோடைசிங், பவுடர் கோட்டிங் எல்லாம் சில தெருக்களுக்குள் முடிந்துவிடும். அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி இது: இரண்டு சைக்கிளிலும் குறை உண்டு, எந்தக் குறை பட்டறையில் தீரும், எது தீராது?

வேலை என்ன?

டவுன்ஹில் என்பது கரடுமுரடான சரிவில், பாறையும் வேரும் தாவலும் நிறைந்த தடத்தில், கடிகாரத்துக்கு எதிராக இறங்கும் போட்டி. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடந்த ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் இதுவும் ஒரு பிரிவு. அதற்கான சைக்கிளில் முன்னும் பின்னும் ஏறக்குறைய 200 மி.மீ. சஸ்பென்ஷன் இருக்கும். முன்ஃபோர்க் மோட்டார் சைக்கிளைப் போல மேலும் கீழும் இரண்டு கிரவுனில் பிடிக்கப்பட்டிருக்கும். தலைக்கோணம் 63 பாகையை ஒட்டி இருக்கும். அதாவது முன்சக்கரம் ஓட்டுபவருக்கு வெகுவாக முன்னே தள்ளி நிற்கும், செங்குத்தான இறக்கத்தில் ஆளைத் தூக்கி முன்னால் வீசாது.

சைக்கிள் நிறுவனங்கள் பயன்பாட்டை ஐந்து வகையாகப் பிரித்துச் சட்டகத்திலோ கையேட்டிலோ குறிப்பது உண்டு. ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற தரக்குறியீட்டிலிருந்து வந்த வழக்கம் அது. மூன்றாம் வகையில் தாவி இறங்கும் உயரம் 61 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நான்காம் வகையில் 122 செ.மீ.க்குள். ஐந்தாம் வகைதான் டவுன்ஹில்.

புதியதன் கணக்கு

இந்தியாவில் ஒரு லட்சத்துக்குள் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஹார்ட்டெயில்கள்: முன்பக்கம் 100 முதல் 120 மி.மீ. ஃபோர்க், பின்பக்கம் சஸ்பென்ஷன் கிடையாது. இவற்றின் மேல்நிலையில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், காற்று ஃபோர்க், முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் எல்லாம் வந்துவிட்டன. மண்சாலைக்கும் துரஹள்ளி போன்ற காட்டுத்தடத்துக்கும் நல்ல வண்டிகள்தான். வாரண்டி உண்டு, உதிரிபாகம் அதே கடையில் கிடைக்கும், எது எவ்வளவு தேய்ந்திருக்குமோ என்ற கவலையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் புதியதற்குச் சாதகம்.

ஆனால் இவை பொதுவாக மூன்றாம் வகைக்காகச் செய்யப்பட்டவை. அந்த வண்டியைப் பொன்முடி மாதிரித் தடத்தில் இறக்கிச் சட்டகம் உடைந்தால், ‘குறித்த பயன்பாட்டுக்கு அப்பால்’ என்று ஒரே வரியில் வாரண்டி முடிந்துபோகும். புதியதை வாங்கச் சொல்லும் முதல் காரணம், நாம் வாங்குகிற வேலைக்கு வரும்போது செல்லாது. ஒப்பீட்டில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

குறைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மலிவான ஹார்ட்டெயிலின் தலைக்கோணம் பெரும்பாலும் 67 பாகைக்கு மேல். கீழ்நிலை மாடல்களில் பின்சக்கரத்தில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் இருக்கும். அதில் வலப்பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி அமர்வதால் அச்சின் ஒரு முனை தாங்கலின்றி நீள்கிறது, பலமாகத் தாவி இறங்கினால் அச்சு வளையும். டிஸ்க் 160 மி.மீ.; நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி தளரும். டவுன்ஹில் வண்டியில் 200 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் இருப்பது இதற்காகத்தான்.

‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பவர்கள் உண்டு. பிரேக்கை மாற்றலாம், டயரை மாற்றலாம். ஆனால் 120 மி.மீ. ஃபோர்க்குக்கு வடிவமைத்த சட்டகத்தில் 200 மி.மீ. ஃபோர்க்கைப் பொருத்தினால் கோணமெல்லாம் குலையும், தலைக்குழாயில் விசை பெருகி வெல்டிங்கில் விரிசல் விடும். கோணமும் சட்டக வலிமையும் பிறவியிலேயே வருபவை. எந்த லேத்தும் அவற்றைத் திருத்தாது.

பழையதன் கணக்கு

பழைய உயர்தர வண்டியில் தேய்ந்திருப்பவை பெரும்பாலும் தேய்வதற்காகவே வைக்கப்பட்டவை. பின்சட்டகத்தின் மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் 6900, 6902, 6802 போன்ற எண்கள் பொறித்திருக்கும். இவை உலகம் முழுக்கப் பொதுவான அளவுகள். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. சைக்கிள் கடையில் ‘பிராண்ட் கிட்’ தேடி அலைய வேண்டாம். பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி, இருபுறமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேட்டால் போதும். அவற்றை அழுத்தி ஏற்ற வேண்டிய கருவியை எந்தச் சின்ன லேத்திலும் கடைந்து தருவார்கள்.

ஷாக் அப்சார்பரின் இரு முனையிலும் உட்காரும் புஷ்களும் அப்படியே. தேய்ந்த சாம்பிளையும் சட்டகத்தின் அளவையும் கொடுத்தால் அலுமினியத்தில் புதிதாகச் செய்துவிடலாம். கியர் மாற்றும் டீரெயிலர் தொங்கும் ஹேங்கர் இன்னொன்று. பழைய மாடலுக்கு அது கிடைக்காமல் வண்டியையே மூலையில் சாய்த்து வைத்தவர்கள் உண்டு. ஒயர் கட்டிலோ வி.எம்.சி.யிலோ அதை வெட்டிவிடலாம். ஒன்றை மட்டும் டர்னரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்: அலுமினியத்திலேயே செய்யுங்கள், ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று எஃகில் செய்துவிடாதீர்கள். அடிபட்டால் ஹேங்கர் முதலில் வளைய வேண்டும். அது வளையாவிட்டால் டீரெயிலரோ சட்டகமோ போகும்.

பீன்யாவின் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் எடுக்கும் இடங்கள். ஒற்றைப் பீஸுக்கு முகம் சுளிப்பவர்களும் உண்டு. டிராயிங்கும் சாம்பிளும் சேர்த்துக் கொண்டுபோய், இரண்டு மெஷின் மட்டும் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் கடையில், அவசரம் இல்லை என்று சொல்லிக் கேட்டால் காரியம் நடக்கும்.

பட்டறையும் கைவிரிக்கும் இடங்கள்

பழையதிலும் லேத் திருத்தாத குறைகள் இருக்கின்றன. பேரம் பேசும் முன் பார்க்க வேண்டியவை அவைதான்.

முதலாவது, சட்டகத்தில் விரிசல். எஃகுக்கு ஒரு களைப்பு வரம்பு உண்டு. அதற்குக் கீழான விசையை அது எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது; ஒவ்வொரு அடியும் கணக்கில் ஏறுகிறது. 6061 டி6 அலுமினியத்தில் டிக் வெல்டிங் வைத்தால், சூடுபட்ட பகுதி தன் வலிமையில் பெரும்பங்கை இழக்கும். அதை மீட்க முழுச் சட்டகத்தையும் 530 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, குளிர்வித்து, மீண்டும் முதிர்விக்க வேண்டும். அதில் கோணம் பிறழாமல் பார்த்துக்கொள்வது தனி வித்தை. தலைக்குழாய், பெடல் அச்சுக்கூடு, ஷாக் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றிலும் மெல்லிய கோடு தெரிந்தாலே விலகிவிட வேண்டும்.

இரண்டாவது, ஃபோர்க்கின் உட்குழாய். அது அலுமினியம், மேலே இருப்பது கடின அனோடைசிங். ஃபாக்ஸ் ஃபோர்க்குகளின் பொன்னிறக் காஷிமா பூச்சு ஜப்பானின் மியாகி நிறுவனத்துடையது. எஃகுத் தண்டுக்கு ஹார்டு குரோம் பூசும் உள்ளூர் வழியை இதன்மேல் ஏற்ற முடியாது. விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால், புதுச் சீல் போட்டாலும் எண்ணெய் கசியும்.

மூன்றாவது, மறைந்துபோன அளவுகள். ஏறக்குறைய 2014 வரை டவுன்ஹில் வண்டிகள் 26 அங்குலச் சக்கரத்தில் ஓடின, பிறகு 27.5, 2017 முதல் உலகக் கோப்பையில் 29. 26 அங்குல டயர் நம் ஊரில் எந்தக் கடையிலும் தொங்கும். பாறையில் கிழியாத, இரட்டை அடுக்கு டவுன்ஹில் டயர் அந்த அளவில் அரிது. ஷாக்கிலும் 2016 வாக்கில் அங்குல அளவுகள் போய் மெட்ரிக் அளவுகள் வரத் தொடங்கின. 27.5 அங்குலத்துக்கு முந்தைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, தாள்கள். சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது. பழைய ரசீதில் எழுதிய எண்ணும் சட்டகத்தில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் திருட்டு வண்டியை வாங்கும் ஆபத்து உண்டு. வாரண்டியோ பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

யாருக்கு எது?

பராமரிப்பைச் சேர்க்காமல் கணக்கு முடியாது. ராக்ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறது. ஃபாக்ஸ் முழுச் சர்வீஸுக்கு 125 மணி நேரம் என்கிறது. சீலும் டாம்பர் பாகமும் இறக்குமதிதான். புதிய சைக்கிளுக்கு இருந்த சுங்க வரி 2023 நிதிநிலை அறிக்கையில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக ஏறியது. உயர்தர வண்டியைப் புதிதாக வாங்க முடியாமல் பலரும் பழையதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. டவுன்ஹில் வண்டியில் மேட்டில் ஏறுவது பெரும்பாடு. இங்கே லிஃப்ட் வைத்த மலைப்பூங்கா இல்லை. துமகூரு சாலையில் சிவகங்கை, தேவராயனதுர்க்கம் பக்கம் போனாலும் வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும், வனத்துறை அனுமதிக்கும் இடத்தில்தான் ஓட்ட வேண்டும். வாரம் தோறும் அப்படிப் போக வழியில்லாதவருக்கு 150 முதல் 170 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள பழைய எண்டூரோ வண்டி, ஏறவும் இறங்கவும் இரண்டுக்கும் உதவும்.

ஆகவே தீர்ப்பு ஆளைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. இப்போதுதான் மண்தடத்தில் பழகுகிறவர், ஸ்பேனரைத் தொட விரும்பாதவர், தினமும் அலுவலகத்துக்கும் அதே வண்டியில் போகிறவர் புதிய ஹார்ட்டெயிலை வாங்கட்டும். அதை டவுன்ஹில் வண்டி என்று மட்டும் நினைக்க வேண்டாம். தடத்தில் உண்மையாகவே இறங்கப் போகிறவர் பழையதைத்தான் வாங்க வேண்டும். மலிவான புதிய வண்டியின் குறை சட்டகத்தில் இருக்கிறது; நல்ல பழைய வண்டியின் குறை பேரிங்கில் இருக்கிறது. பேரிங்குக்குப் பீன்யாவில் தீர்வு உண்டு.

ஆனால் ஒரு லட்சத்தையும் விற்பவரிடமே கொடுத்துவிடக் கூடாது. எழுபதாயிரத்துக்குள் பேரம் முடித்து, மீதியைப் பேரிங், சீல், பிரேக் பேடு, ஒரு முழுச் சஸ்பென்ஷன் சர்வீஸ் என்று ஒதுக்க வேண்டும். வாங்கப் போகும்போது வெர்னியர் காலிப்பரும் டார்ச்சும் எடுத்துச் செல்ல வேண்டும். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் விற்பவர் காட்டுவார். விரிசல் பார்க்க அதுவே வசதி.