பாதி வாழ்க்கை மிதந்தே போகும்: எண்ணூருக்குக் 'காக்கா ஆழி' வந்தது எப்படி?

எண்ணூர் கழிமுகத்தில் இறங்கிப் பார்த்தால், சேறு தெரிய வேண்டிய இடத்தில் கருப்பாகக் கம்பளம் விரித்தது போலக் கிடக்கிறது ஒரு மட்டி. மீனவர்கள் இதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். இது படர்ந்த இடத்தில் இறால் சேற்றில் புதைய முடிவதில்லை. உள்ளூர் மட்டிகளுக்கும் இடம் கிடைப்பதில்லை. கழிமுகத்தில் இறங்கி கையால் தடவியே இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கு நேரடி அடி. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சரி, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு பெரிதாக நகராத ஒரு மட்டி, இவ்வளவு தூரம் எப்படி வந்தது? பதில் அதன் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது.

பகுதிநேர மிதவை உயிரிகள்

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல், அது இழுத்த இழுப்புக்குப் போகும் உயிர்களைப் பிளாங்க்டன், அதாவது மிதவை உயிரிகள் என்கிறோம். சில உயிர்கள் பிறந்ததிலிருந்து சாகும் வரை மிதவைகள்தான். ஆனால் நண்டு, சிங்கி இறால், மட்டி, நட்சத்திர மீன், பவளம், பெரும்பாலான கடல் மீன்கள் எல்லாம் முட்டையாகவோ குஞ்சாகவோ இருக்கும்போது மட்டும் மிதக்கும். வளர்ந்ததும் தரையில் இறங்கிவிடும், இல்லையென்றால் சொந்தமாக நீந்தப் பழகிவிடும். இவைதான் 'மெரோபிளாங்க்டன்'. சொறிமீன்களில் பல வகைகள் இதற்கு நேர்தலைகீழ். சின்ன வயதில் பாறையில் ஒட்டியிருந்து, பெரிதானதும் மிதக்கக் கிளம்பும்.

குஞ்சுக்கும் தாய்க்கும் துளிகூட ஜாடை இருக்காது. நண்டுக் குஞ்சுக்கு முதுகில் ஒரு நீண்ட முள், பெரிய கண்கள். 1802-ல் பிரெஞ்சு ஆய்வாளர் போஸ்க் இதைத் தனி உயிரினம் என்றே நினைத்து 'சோயியா' என்று பெயர் வைத்துவிட்டார். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் வாகன் தாம்சன், மஸ்லின் துணி வலையால் கடலை அரித்துப் பார்த்து, அது நண்டின் குழந்தைதான் என்று 1820-களின் கடைசியில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. படகின் அடியில் ஒட்டும் கொட்டலசை அதுவரை மட்டி இனம் என்றே நினைத்திருந்தார்கள். அதன் மிதக்கும் குஞ்சைப் பார்த்துவிட்டு, இது நண்டு, இறாலின் சொந்தக்காரன் என்றார். பெயர் 'சோயியா' இன்றும் மாறவில்லை, நண்டுக் குஞ்சின் பருவப் பெயராகவே நின்றுவிட்டது.

ஏன் இந்த அலைச்சல்?

நகராத உயிருக்கு, குஞ்சை ஊர்விட்டு ஊர் அனுப்ப இதுதான் வழி. ஆனால் விலை அதிகம். லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும் பிழைப்பது மிகச் சில. மற்றவை மீன் வாய்க்கும் பசிக்கும் போய்விடும். குஞ்சுகள் சும்மா மிதப்பதும் இல்லை. கழிமுக நண்டுகளின் குஞ்சுகள் ஓதம் வடியும்போது மேலே வந்து கடலுக்குப் போகும், ஏறும்போது அடியில் இறங்கிக்கொள்ளும். எதிர்த்து நீந்த முடியாதுதான், ஆனால் எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் இருப்பது என்பது அவற்றின் கையில்.

மன்னார் வளைகுடாவில் இதை நன்றாகவே பார்க்கலாம். முத்துச்சிப்பியின் குஞ்சு ஏறக்குறைய 3 வாரம் மிதக்கும். நீரோட்டம் சரியான பாறையில் கொண்டுபோய் விட்டால் 'பார்' நிறையும், விடாவிட்டால் வெறுங்கை. சில ஆண்டு அள்ளித் தந்து, பல ஆண்டு ஏமாற்றிய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அதே கடலில் வாழும் சங்குக்கு இந்த மிதக்கும் பருவமே கிடையாது. முட்டைக் கூட்டிலிருந்து ஊர்ந்தபடியே குட்டிச் சங்கு வெளியே வரும்.

கப்பல் எங்கே வருகிறது?

சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க, துறைமுகத்திலேயே கடல்நீரை அடித்தொட்டியில் நிரப்பிக்கொள்ளும். இதுதான் நிலைப்பு நீர். கூடவே கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் ஏறிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது தண்ணீரோடு அவையும் இறங்கும். காக்கா ஆழி இப்படியோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எண்ணூருக்குப் பக்கத்திலேயே பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலையும் கொச்சியையும் இதே மட்டி பிடித்திருக்கிறது. அங்கே இதற்கு 'வரத்தன் கக்கா' என்று பெயர், வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

நிலைப்பு நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் உருவானது. நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில்தான்.

இப்போது எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் உள்ள சிக்கல் இதுதான்: வளர்ந்த மட்டியைத் தூர்வாரி அள்ளிவிடலாம். தண்ணீரில் மிதக்கும் அதன் குஞ்சுகளை அள்ள முடியாது. ஒரு பக்கம் எடுத்த இடத்தில், ஓதத்தோடு வரும் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஒருமுறை அள்ளினால் போதாது, தொடர்ந்து கண்காணித்து எடுக்க வேண்டியிருக்கும்.