களனிக் கரையின் படக் கம்பனிகள்

கொழும்பு மாநகரின் வடமுனையான மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கிறது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் வத்தளைப் பகுதியைச் சேர்ந்த ஹெந்தளை. இலங்கைத் திரைப்பட வரலாற்றில் ஹெந்தளை என்ற பெயர் சினிமாஸ் லிமிட்டெட் கம்பனியின் விஜயா ஸ்டூடியோவை விட்டுப் பிரிந்து வருவதில்லை. அதே ஆற்றங்கரையில் சற்று மேலே, களனியில், சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. இரு கம்பனிகளையும் நிறுவியவர்கள் தமிழர். அவற்றின் நிலையங்களில் உருவானவையோ பெரும்பாலும் சிங்களப் படங்கள். இந்த முரணை விளக்க முயல்பவர் படப்பிடிப்பு நிலையங்களிலிருந்து தொடங்கினால் வழி தவறுவார். இக்கம்பனிகளின் பலம் கமராவில் இருக்கவில்லை. படத்தை இறக்குமதி செய்வது, அதை ஊர்களுக்கு விநியோகிப்பது, திரையில் காட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்ததிலேயே அது இருந்தது.

இலங்கையில் சலனப்படம் முதன்முதலாக 1901ஆம் ஆண்டு ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் முன்னிலையில் காட்டப்பட்டது. தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த போயர் போர்க் கைதிகளும் அதைப் பார்த்தனர். அடுத்த சில ஆண்டுகளில் 'பயஸ்கோப்' என்று வழங்கிய இக்காட்சி கூடாரங்களுக்கும், பின்னர் நிலையான கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்தது. கல்கத்தாவின் ஜே. எப். மதன், இந்தியாவிலும் பர்மாவிலும் விரித்த தமது திரையரங்கு வலையை இலங்கைக்கும் நீட்டினார். மருதானை எல்பின்ஸ்டன் அந்த வலையின் ஒரு கண்ணி. அதே மருதானையில் 1911இல் எழுந்த டவர் ஹோல் நாடகத்துக்கென்றே கட்டப்பட்டது. எனினும் நாடகம் பார்க்க நுழைவுச் சீட்டு வாங்கிப் பழகிய அந்தக் கூட்டமே பின்னாளில் படக் கொட்டகைகளுக்கும் முதற்பெரும் வாடிக்கையாளராயிற்று.

யாழ்ப்பாணத்தவரான சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கியபோது இலங்கைத் திரையரங்குகளில் படங்கள் இன்னும் பேசத் தொடங்கியிருக்கவில்லை. 1930இல் கொழும்புக் கோட்டைக்கு அருகே ரீகல் திறக்கப்பட்டது. மறுஆண்டில் சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்ததோடு தமிழ்ப் பேசும் படமும் பிறந்தது. பேசும் படம் வந்ததும் மொழி ஒரு வியாபாரப் பிரிவாயிற்று. ஆங்கிலப் படத்துக்கு ஒரு கூட்டம், இந்திப் படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் வேறு கூட்டங்கள் என்று திரையரங்குகள் பிரிந்தன. சிங்களப் படம் என்ற ஒன்று அப்போது இல்லாததால் சிங்கள இரசிகரும் இந்திய இசையையே கேட்டு வளர்ந்தனர். பம்பாயிலும் சென்னையிலும் உரிமை வாங்கி வருபவரே நாடெங்கும் படத்தை விநியோகிப்பவராகவும் முக்கிய நகரங்களில் திரையரங்கு வைத்திருப்பவராகவும் இருந்ததால், சிற்றூரில் தனியாகக் கொட்டகை கட்டிய முதலாளி அவருடைய தயவில்தான் பிழைக்க வேண்டியிருந்தது. பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட்டும் சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸும் இதே முறையில் வளர, இலங்கையின் படத்தொழில் ஏறத்தாழ மூன்று கம்பனிகளின் வட்டத்துக்குள் அடங்கியது. இங்கே 'வட்டம்' என்பது ஒரே கம்பனியின் படங்கள் முறைவைத்துச் சுற்றிவரும் திரையரங்குத் தொகுதியைக் குறிக்கும்.

அக்காலத்துக் கொழும்புத் திரையரங்கு வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு சமுதாயம். கொட்டாஞ்சேனை செல்லமஹாலானாலும் வெள்ளவத்தை பிளாசாவானாலும் திரைக்கு மிக அருகே, மலிவான விலைக்கு, கலரி, அதற்குப் பின்னால் இரண்டாம் வகுப்பும் முதலாம் வகுப்பும், ஓ.டீ.சீ. என்று மூன்றெழுத்தில் வழங்கிய நடுத்தர இருக்கைகள்; மாடியில் பல்கனி; குடும்பத்தோடு வருபவர்க்குப் பொக்ஸ். விசிலும் கைதட்டலும் கலரியில் எழும், பணமோ பல்கனியில் சேரும் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் பண்டிகைக் காலத்தில் கலரி நிரம்பாத படம் எந்த வகுப்பிலும் நெடுநாள் ஓடியதில்லை. படத்தை ஓட்டும் அறையில் இரண்டு எந்திரங்கள் நின்றன. ஆயிரம் அடி நீளமான ஒரு சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் ஓடிமுடியும். அது முடியும் தறுவாயில் திரையின் மேல்மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னி மறைய, அதைக் கண்டதும் ஓட்டுநர் அடுத்த எந்திரத்தை முடுக்கிவிடுவார். இரண்டு கரிக்கோல்களுக்கிடையே எரியும் மின்சுடரே ஒளியாக இருந்ததால் அந்த அறை எப்போதும் வெக்கையாகவே இருந்தது.

முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21இல் திரைக்கு வந்தது. அதைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் பிடிக்கப்பட்டது மதுரையில். அதே ஆண்டு கார்டினரின் கம்பனி தயாரித்த 'அசோகமாலா' கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. 1953இல் குணரத்தினம் தயாரித்த 'சுஜாதா' சேலம் மொடர்ன் தியேட்டர்ஸில் பிடிக்கப்பட்டுப் பெருவெற்றி கண்டது. சிங்கள நடிகர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுச் செட்டுகளில் நின்று, தமிழ் இயக்குநர்களின் சொற்படி நடித்து, இந்தி மெட்டுகளுக்குச் சிங்களச் சொல் பாடிய காலம் அது. நாகர்கோயிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவரானார். இப்படங்கள் அசலற்றவை என்று சிங்கள விமர்சகர் கூறியது நியாயமே. ஆனால் சிங்களத்தில் படம் எடுத்தாலும் காசு வரும் என்பதை முதலில் மெய்ப்பித்துக் காட்டியவையும் இவைதான்.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே, உள்நாட்டுக் கிராமத்தில் பிடித்துக் காட்டினார். அப்படம் வசூலில் தோற்றது. அவருக்கு அடுத்த பெரிய வாய்ப்பை அளித்தவர் குணரத்தினமே: போர்த்துக்கேயர் காலத்துக் கதையான 'சந்தேசய' 1960இல் வந்து வெற்றி பெற்றது. பின்னர் சிலோன் தியேட்டர்ஸ் சார்பில் பி. ஈ. அந்தோனிப்பிள்ளை தயாரிக்க, பீரிஸ் 'கொலு ஹதவத', 'அக்கர பஹ', 'நிதானய' ஆகிய மூன்றையும் இயக்கினார். 'நிதானய' 1972இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. சிங்களத் திரையின் ஐம்பதாண்டு நிறைவில் அக்காலப் படங்களுள் தலைசிறந்தது என்றும் அது தெரிவானது. வியாபாரக் கம்பனியிலிருந்து கலை பிறக்காது என்பாருக்கு இந்த மூன்று படங்களும் சங்கடமான விடை.

இதே கம்பனிகள் ஈழத்துத் தமிழ்ப் படத்துக்குச் செய்தது மிகச் சொற்பம். சென்னையிலிருந்து ஆயத்தப் படமாக எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்திறங்கும்போது, உள்ளூர்த் தமிழ்ப் படத்தில் முதல் போட்டால் அது தம் திரையரங்கிலேயே தமக்கு எதிராக ஓடும் போட்டியாகிவிடும் என்பது முதலாளிகளின் கணக்கு. ஆகவே 1963இல் 'தோட்டக்காரி', 1972இல் 'குத்துவிளக்கு' போன்ற படங்கள் தனிமனிதரின் துணிவில், சொந்தப் பணத்தில் எழ வேண்டியிருந்தது. கணக்கு பிழையன்று, ஆனால் அதன் விலையைச் செலுத்தியது ஈழத்துத் தமிழ்த் திரை.

மூன்று கம்பனிகளின் ஆதிக்கத்துக்கு எதிரான குரல் 1960களில் வலுத்தது. ரெஜி சிறிவர்தன தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 1965இல் அரசின் தலையீட்டைப் பரிந்துரைத்தது. 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972இல் இயங்கத் தொடங்கியதும், இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. இந்தியப் படங்களின் வரவு சுருக்கப்பட்டது. சிங்களப் படத் தயாரிப்புக்குக் கடனும் திரையிடும் நாள்களும் கிடைத்தன. புதிய இயக்குநர்களுக்கு இது நன்மையே. கம்பனிகளுக்கோ சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்தது: கட்டடங்கள் மிஞ்சின, அவற்றில் எதைக் காட்டுவது என்ற முடிவு போய்விட்டது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. அங்கே பாதுகாக்கப்பட்டிருந்த படங்களின் மூலப்பிரதிகள் பலவும் எரிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சிங்களப் படங்கள் என்பதைத் தீ வைத்தவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் அதே நாள்களில் கொல்லப்பட்டார். கொம்பனித்தெருவின் ரியோ திரையரங்கும் தாக்கப்பட்டது. அதன் சிதைந்த கட்டடத்தில் பின்னாளில் கலைக் கண்காட்சிகள் நடந்துள்ளன. வேறு தொழில்களிலும் கால்பதித்திருந்த குணரத்தினம் 1989இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பிற நாடுகளில் படக் கம்பனிகளின் அடுத்த கட்டம் கேளிக்கைப் பூங்காவாக இருந்தது. வால்ட் டிஸ்னி 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். 1964இல் யுனிவர்சல் கம்பனி தன் ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவதையே சீட்டு விற்கும் தொழிலாக்கியது. சென்னைத் தாம்பரத்தருகே 1990களில் கிஷ்கிந்தாவை அமைத்தவர் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். ஐதராபாத்தில் 1996இல் எழுந்த ராமோஜி பிலிம் சிட்டியோ படப்பிடிப்பு நிலையமாகவும் பூங்காவாகவும் ஒருங்கே இயங்குகிறது. பூங்காவுக்கு வேண்டியவை மூன்று: பெருநிலம், பல்லாண்டு காத்திருக்கும் முதல், நாளை கலவரம் வராது என்ற நம்பிக்கை. 1983க்குப் பிந்திய கொழும்பில் மூன்றாவதைக் கடனாகவும் பெற முடியாது.

சிலோன் தியேட்டர்ஸ் வேறு வழி தேடிக்கொண்டது. 1981இல் அது கார்கில்ஸ் என்ற பழைய வணிக நிறுவனத்தை வாங்கியது. விஜயா எரிந்த அதே 1983இல் ஸ்டேபிள்ஸ் வீதியில் கார்கில்ஸின் முதல் சூப்பர் மார்க்கெட் திறந்தது. பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் திரையரங்கு நின்ற நிலத்தில் மஜெஸ்டிக் சிட்டி என்னும் கடைத்தொகுதி எழுந்தது. படம் பார்க்க வருபவர் அதே கட்டடத்தில் துணியும் உணவும் வாங்கும்படி, திரையரங்கு அதன் ஒரு பகுதியாயிற்று. சி.டி. ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாறிய அக்கம்பனியின் வருவாயில் இன்று பெரும்பங்கு சில்லறை வணிகத்திலிருந்தும் உணவுப் பொருள்களிலிருந்தும் வருகிறது.